இருபது ரூபா பத்திரத்துல அடிச்சாலும் செல்லாது: பிரைவசி பாலிசி மாறுதுன்னு மெசேஜ் வந்தா என்ன பண்ணணும்

நீடாமங்கலத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், கூடவே ஆன்லைன் அப்ளிகேஷனும் போட்டுத் தருவேன். குறுவை அறுப்பு நேரம்னா கடைல நிக்க இடம் இருக்காது. சிட்டா, அடங்கல், பாஸ்புக் முதல் பக்கம், ஆதார் முன்னாடி பின்னாடின்னு எல்லாமே கொள்முதல் நிலையத்துல குடுக்கறதுக்குத்தான். அப்படி ஒரு கூட்டத்துல எனக்கு மாமா முறை ஆகற ஒருத்தர் (பேர் போட மாட்டேன், இத அவரும் படிப்பாரு) உள்ள வந்து போனை கண்ணாடி மேல வச்சுட்டு, "மாப்ள, இத ஒரு இருபது ரூபா பத்திரத்துல டைப் அடிச்சுக் குடு"ன்னாரு.

வாங்கிப் பாத்தா ஃபார்வர்ட். நாளைலேர்ந்து புது ரூல் வருதாம், என் போட்டோவையோ தகவலையோ யூஸ் பண்ண மெட்டாவுக்கு (ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டா மூணுக்கும் சொந்தக்கார கம்பெனி) நான் அனுமதி தரல, இதை காப்பி பண்ணி போடாதவங்க சம்மதிச்சதா அர்த்தம், அப்படின்னு பதினாலு வரி. ஏற்கனவே ஸ்டேட்டஸ்ல வச்சாச்சு, மூணு சொந்தக்கார குரூப்புல போட்டாச்சு, இப்ப பத்திரத்துல அடிச்சு கையெழுத்துப் போட்டு அதையும் போட்டோ எடுத்துப் போட்டா இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கும்னு நினைச்சிருக்காரு.

எனக்கு சிரிப்பு வந்துச்சு, ஆனா அடக்கிக்கிட்டேன். ஏன்னா அவரு பயப்படறதுல ஒண்ணும் தப்பில்ல, பாலிசிய அவங்க நிஜமாவே மாத்தத்தான் செய்றாங்க, மருந்துதான் தப்பு. அன்னிக்கு கூட்டம் குறைஞ்சப்பறம் அவரை உக்கார வச்சு என்னென்ன பண்ணேனோ அதை அப்படியே இங்க எழுதறேன், வீட்ல அப்பா அம்மாவுக்கும் பண்ணிக் குடுங்க.

மொதல்ல அந்த ஃபார்வர்ட் கதைய முடிச்சுடுவோம். அந்த டைப் லெட்டர் 2012லேர்ந்தே ஃபேஸ்புக்ல சுத்திக்கிட்டு இருக்கு, 2024 செப்டம்பர்ல "குட்பை மெட்டா ஏஐ"ன்னு புது சட்டை போட்டுக்கிட்டு வந்துச்சு, பெரிய பெரிய நடிகர்கள் விளையாட்டு வீரர்கள் எல்லாம் காப்பி பண்ணிப் போட்டாங்க. ஒண்ணுக்கும் உதவாது. அக்கவுண்ட் ஓப்பன் பண்ணும்போதே ஓகேன்னு அழுத்திட்டோம், அதுதான் பத்திரம். அதுல எதையாவது மாத்தணும்னா செட்டிங்ஸ்ல போய் மாத்தணும், இல்ல அக்கவுண்டையே மூடணும், டீக்கடை வாசல்ல நின்னு சத்தம் போட்டா கிரையப் பத்திரம் ரத்தாகுமா. அதே மாதிரி "ரெண்டு ப்ளூ டிக் ஒரு ரெட் டிக் வந்தா கவர்மென்ட் உங்க மெசேஜ பாத்துடுச்சு"ன்னு ஒண்ணு வரும், சிவப்பு டிக்னே ஒண்ணு கிடையாது. 2025 ஆகஸ்ட்ல இன்னொண்ணு வந்துச்சு, "அட்வான்ஸ்டு சாட் பிரைவசி ஆன் பண்ணலேன்னா மெட்டா ஏஐ உங்க குரூப் சாட் எல்லாத்தையும் படிச்சிடும்"னு. அந்த பட்டன் நிஜமாவே இருக்கு, அந்த வருஷம் ஏப்ரல்ல வந்தது, சாட்டை எக்ஸ்போர்ட் பண்றது, போட்டோ தானா கேலரிக்கு இறங்கறது, குரூப்புக்குள்ள ஏஐய கூப்பிடறது இதெல்லாத்தையும் தடுக்கும், ஆன் பண்ணா நல்லதுதான். ஆனா அது ஆஃப்ல இருந்தா ஏஐ தானா உக்காந்து எல்லாத்தையும் படிக்குதுங்கறது பொய், குரூப்ல யாராவது அதைக் கூப்பிட்டு ஒரு மெசேஜைக் காட்டினாதான் அது போகும்.

இப்ப நிஜமான நோட்டீஸ். அது ஆப்புக்குள்ளயே ஸ்க்ரீன்ல வரும், இல்லேன்னா அவங்க வெப்சைட்ல இருக்கும். எவனோ ஒரு நம்பர்லேர்ந்து லிங்க் வந்து "அப்டேட் பண்ணாட்டி அக்கவுண்ட் பிளாக்"னு சொன்னா, ஓடிபி கேட்டா, முக்கியமா ஏபிகே ஃபைல் (ப்ளே ஸ்டோருக்கு வெளிய ஆப்பை போன்ல ஏத்தற ஃபைல்) அனுப்பினா, அது திருட்டு, கைய வைக்காதீங்க. பிஎம் கிசான் பேர்லயே ஏபிகே அனுப்பி எத்தனை பேர் கணக்க காலி பண்ணிருக்கானுங்க, பிரைவசி பேர்ல அனுப்ப எவ்ளோ நேரம் ஆகும்.

நிஜ நோட்டீஸ்னு தெரிஞ்சா உடனே ஓகேயும் அழுத்த வேண்டாம், பயந்து ஆப்பை தூக்கவும் வேண்டாம். 2021 ஜனவரில வாட்ஸ்அப் இதே மாதிரி ஒரு ஸ்க்ரீன் காட்டுச்சு, பிப்ரவரி 8க்குள்ள ஒத்துக்கலன்னா யூஸ் பண்ண முடியாதுன்னு. உலகம் பூரா சனங்க கத்தி, கோடிக்கணக்குல சிக்னல் டெலிகிராம்னு ஓடினப்பறம் கெடுவை மே 15க்கு தள்ளினாங்க, அந்த தேதியும் வந்துச்சு, ஒத்துக்காதவங்க அக்கவுண்ட் ஒண்ணும் மூடல. அதனால பெரும்பாலும் டைம் இருக்கும், அன்னிக்கு ராத்திரியே முடிவெடுக்கணும்னு இல்ல.

இதுல எனக்கு கோவம் வர்ற இடம் எதுன்னா, நம்ம ஊர் ஆளுங்களுக்கு சொன்னா சட்டுனு புரியும், நடவு நட்டு, ரெண்டு களை எடுத்து, யூரியாவும் தெளிச்சப்பறம் நிலத்துக்காரர் வந்து "குத்தகை நெல்லு மூட்டைக்கு இன்னும் ரெண்டு மரக்கா சேத்து அளக்கணும், இஷ்டம் இல்லேன்னா வயலை விட்டு ஏறு"ன்னா எப்படி இருக்கும்? ஏற முடியாது, பயிரு நம்மளுது. வாட்ஸ்அப்பும் அந்தக் கணக்குதான். 2014ல ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்கும்போது ஒண்ணும் மாறாதுன்னாங்க, 2016 ஆகஸ்ட்ல நம்பரை ஃபேஸ்புக் கூட ஷேர் பண்ணுவோம்னாங்க, அப்பவாவது முப்பது நாளுக்குள்ள வேண்டாம்னு சொல்ல ஒரு டிக் குடுத்தாங்க, 2021ல அந்த டிக்கும் இல்ல. இது எனக்கு மட்டும் வந்த கோவம் இல்ல, நம்ம நாட்டு போட்டி ஆணையம், அதான் சிசிஐ, 2024 நவம்பர்ல இது ஆதிக்கத்தை வச்சு கட்டாயப்படுத்தறதுன்னு சொல்லி 213.14 கோடி ரூபா அபராதம் போட்டுச்சு, கூடவே விளம்பரத்துக்காக டேட்டா ஷேர் பண்ண அஞ்சு வருஷம் தடையும் போட்டுச்சு. அப்பீல்ல 2025 நவம்பர்ல கம்பெனி சட்ட மேல்முறையீட்டு தீர்ப்பாயம் அபராதத்த அப்படியே விட்டுட்டு தடைய மட்டும் எடுத்துடுச்சு. அதனால "கோர்ட்டு பாத்துக்கும்"னு நாம உக்காந்திருக்க முடியாது.

சரி, படிக்கறது எப்படி. பாலிசி முழுசா படிங்கன்னு சொன்னா நானே படிக்க மாட்டேன், அதனால குறுக்கு வழி. பாலிசி பக்கத்தை க்ரோம்ல திறங்க, மேல மூணு புள்ளிய தொட்டா டிரான்ஸ்லேட்னு இருக்கும், தமிழாக்கிக்கலாம், தமிழ் கொஞ்சம் கோணல் மாணலா வரும், அர்த்தம் புரியும். வாட்ஸ்அப் பக்கத்துல பழைய பாலிசிகளும் தேதிவாரியா கிடக்கும், புதுசையும் பழசையும் பக்கத்துல வச்சு பாக்கலாம். அதுக்கும் நேரம் இல்லேன்னா இங்கிலீஷ் பக்கத்துலயே அதே மூணு புள்ளில தேடற ஆப்ஷன் இருக்கு, "ஷேர்", "பார்ட்னர்ஸ்", "தேர்ட் பார்ட்டி", "லொகேஷன்", "இம்ப்ரூவ்" இந்த வார்த்தைய மட்டும் இங்கிலீஷ்ல அடிச்சுத் தேடி அந்த பத்திய மட்டும் படிங்க. "இம்ப்ரூவ்"ங்கற வார்த்தைகிட்ட கொஞ்சம் உஷாரா இருங்க, "எங்க சேவைய மேம்படுத்த"ன்னு ரொம்ப நல்ல பிள்ளையாட்டம் எழுதிருப்பான், ஏஐக்கு ட்ரெயினிங் குடுக்கறதும் அந்த ஒரு வார்த்தைக்குள்ளதான் உக்காந்திருக்கும்.

படிக்கும்போது ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கணும், மெசேஜ் வேற, மெசேஜை சுத்தி இருக்கறது வேற. மாமாவுக்கு நான் மொய் கவரை வச்சுதான் சொன்னேன். கவர் ஒட்டியிருக்கு, உள்ள ஐநூறா ஆயிரமா தெரியாது, 2016லேர்ந்து வாட்ஸ்அப் மெசேஜ் அப்படித்தான் பூட்டி போகுது, நடுவுல கம்பெனியாலயும் படிக்க முடியாது, பாலிசி மாறினாலும் அது இதுவரைக்கும் மாறல. ஆனா மொய் எழுதறவருக்கு யாரு வந்தா, எந்த ஊரு, எத்தனை மணிக்கு, யாரு கூட வந்தா, போன கல்யாணத்துக்கும் வந்தானா எல்லாம் தெரியும்ல, அந்த நோட்டுதான் கம்பெனி கைல இருக்கு. உங்க நம்பர், எந்த போன், எந்த நெட்வொர்க், எந்தெந்த குரூப், எவ்ளோ நேரம் ஆன்லைன், எந்த கடைக்கு மெசேஜ் போட்டீங்க, இதெல்லாம். பாலிசி சண்டை எல்லாம் பெரும்பாலும் இந்த நோட்டைப் பத்திதான். கவர் இருக்கறதால பயமே இல்லைன்னும் சொல்லக்கூடாது, கவரை பிரிச்சிட்டாங்கன்னும் கதை கட்டக்கூடாது.

இப்ப போனை கைல எடுங்க. மெனு பேரு அப்டேட்டுக்கு அப்டேட் கொஞ்சம் இடம் மாறும், அக்கம் பக்கத்துல தேடினா கிடைக்கும்.

வாட்ஸ்அப்ல நான் மொதல்ல போறது பேக்கப்புக்கு, ஏன்னா யாருமே அத கவனிக்கறதில்ல. மெசேஜ் போற வழிலதான் பூட்டு, அதே மெசேஜ் கூகுள் டிரைவுக்கு பேக்கப் போகுதே, அதுக்கு இந்தப் பூட்டு தானா வராது, நாமதான் போடணும். செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப், அதுக்குள்ள எண்ட் டு எண்ட் என்கிரிப்டட் பேக்கப்னு இருக்கும், ஆன் பண்ணுங்க. பாஸ்வேர்டு கேக்கும், இல்லேன்னா 64 எழுத்து சாவி ஒண்ணு குடுக்கும். இதை மறந்தீங்கன்னா கம்பெனியாலயும் திறக்க முடியாது, பேக்கப் போனது போனதுதான், அதனால பேப்பர்ல எழுதி பீரோவுல நிலப்பத்திரம் இருக்கற பையிலயே வைங்க. மாமா உடனே அவரு பாஸ்வேர்டை போன் நோட்ஸ்ல எழுதப் போனாரு, "மாமா, பூட்டையும் சாவியையும் ஒரே ஆணில மாட்டக்கூடாது"ன்னு சொல்லி என் பில் புக்குல ஒரு தாளை கிழிச்சுக் குடுத்தேன்.

அடுத்து பிரைவசி. குரூப்ஸ்ங்கறதுல "எல்லாரும்"னு இருந்தா உங்க நம்பர் தெரிஞ்ச எவன் வேணும்னாலும் உங்களை ஷேர் மார்க்கெட் குரூப்புல தூக்கிப் போட்டுடுவான், "மை கான்டாக்ட்ஸ்"னு மாத்துங்க. ப்ரொஃபைல் போட்டோ, அபவுட், லாஸ்ட் சீன், ஸ்டேட்டஸ் இதெல்லாமும் அப்படியே. பொண்ணு போட்டோ வச்சிருக்கவங்க ப்ரொஃபைல் போட்டோவ கண்டிப்பா மாத்திடுங்க. கீழ அட்வான்ஸ்டுக்குள்ள கால் பேசும்போது ஐபி அட்ரஸ் (உங்க நெட் கனெக்‌ஷனோட அடையாள நம்பர்) மறைக்கறது இருக்கு, அதையும் ஆன் பண்ணிக்கலாம்.

லிங்க்டு டிவைசஸ் பாருங்க. இதுல எங்க மாதிரி கடைக்காரங்க தப்பும் இருக்கு, சொல்லிடறேன். பிரிண்ட் எடுக்க வர்றவங்க கடை கம்ப்யூட்டர்ல வாட்ஸ்அப் வெப் ஓப்பன் பண்ணிட்டு லாக் அவுட் பண்ணாமலே போயிடுவாங்க, அடுத்த ஆளு உக்காந்தா போன ஆளோட பேமிலி சண்டை எல்லாம் ஸ்க்ரீன்ல ஓடும். மாமா போன்ல தெரியாத கம்ப்யூட்டர் ரெண்டு இருந்துச்சு, ஒண்ணு நம்ம கடைதான், இன்னொண்ணு எங்கன்னு அவருக்கே ஞாபகம் இல்ல. ரெண்டையும் தூக்கினோம். அப்பறம் அக்கவுண்ட்ல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு ஆறு நம்பர் பின் வச்சாச்சு, பொறந்த வருஷம் வைக்காதீங்க.

மெட்டா ஏஐ, அந்த நீல வட்டம், இந்தியாவுல 2024 ஜூன்லேர்ந்து இருக்கு, அதை முழுசா எடுக்க பட்டன் இல்ல, நானும் தேடிப் பாத்துட்டேன். ஆனா அது கிட்ட நீங்க பேசறது உங்க அண்ணன்கிட்ட பேசற மாதிரி மூடின கவர் கிடையாது, நேரா கம்பெனிக்குத்தான் போகுது. 2025 டிசம்பர் 16லேர்ந்து ஏஐகிட்ட பேசறத வச்சும் உங்களுக்கு என்ன போஸ்ட் காட்டலாம் என்ன விளம்பரம் காட்டலாம்னு முடிவு பண்ணுவோம்னு சொல்லியே செஞ்சிருக்காங்க. அதனால சுகர் மாத்திரை பேரு, நகைக்கடன் விவரம், பாகப்பிரிவினை சண்டை எல்லாம் அதுகிட்ட கேக்காதீங்க, கேக்கறதா இருந்தா யூரியா எவ்ளோ போடணும்னு கேளுங்க, அதுவும் வேளாண்மை ஆபீஸ்ல ஒரு தடவை சரிபாத்துக்கோங்க. இன்னொண்ணு, அக்கவுண்ட்ஸ் சென்டர்ல வாட்ஸ்அப்பை ஃபேஸ்புக் இன்ஸ்டா கூட சேக்கச் சொல்லி அப்பப்ப கேக்கும், அது கட்டாயம் இல்ல, சேக்காம விட்டா வாட்ஸ்அப்ல நடக்கறது அந்தப் பக்கம் விளம்பரத்துக்கு போறது அந்த அளவுக்கு குறையும்.

ஃபேஸ்புக்ல ரெண்டே ரெண்டு இடம் சொல்றேன், ஏன்னா இந்த ரெண்டும்தான் பெருசு. ஒண்ணு, செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ் சென்டர் போய், யுவர் இன்ஃபர்மேஷன் அண்ட் பர்மிஷன்ஸ், அதுக்குள்ள "மெட்டாவுக்கு வெளியே உங்க நடவடிக்கை"ன்னு அர்த்தம் வர்ற ஒரு ஆப்ஷன். திறந்து பாத்தா ஆடிப்போயிடுவீங்க. நீங்க ஃபேஸ்புக்கே திறக்காம வேற ஆப்புல பண்ணது, ட்ரெஸ் வாங்கினது, லோன் பாத்தது, பஸ் டிக்கெட் போட்டது எல்லாம் கம்பெனி பேரோட லிஸ்ட்டா நிக்கும், அந்த கம்பெனிங்களே அனுப்பி வைக்கறது. மாமா லிஸ்ட்ட கீழ இழுத்துக்கிட்டே வந்தவரு ஒரு ஜோசிய ஆப் பேரைப் பாத்துட்டு சட்டுனு போனைத் திருப்பிக்கிட்டாரு, அத்தைக்குத் தெரியாம பாத்திருப்பாரு போல. பழசை கிளியர் பண்ணுங்க, இனிமே வர்றத டிஸ்கனெக்ட் பண்ணுங்க. விளம்பரம் வர்றது நிக்காது, டிராக்டர் விளம்பரத்துக்கு பதிலா சம்பந்தமே இல்லாத எதோ வரும், வரட்டும்.

ரெண்டாவது பழைய போஸ்ட். பப்ளிக்னு போட்ட போஸ்ட்டும் போட்டோவும் ஏஐக்கு தீனியா போகுது. ஐரோப்பால 2025ல இதை ஆரம்பிக்கும்போது "என்னுது வேண்டாம்"னு சொல்ல ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, நமக்கு அந்த மாதிரி பட்டன் கிடையாது. இதெல்லாம் பாக்கும்போது எனக்கு முறைத் தண்ணி ஞாபகம்தான் வரும், ஜூன் 12 மேட்டூர்ல திறந்தா தலைமடைல இருக்கவன் நாத்தங்கால் விட்டு நடவே முடிச்சிருப்பான், கடைமடைல வேதாரண்யம் பக்கம் இருக்கவன் ஆத்து மணல பாத்துக்கிட்டு நிப்பான், பிரைவசி உரிமையிலயும் நாம கடைமடைதான். பட்டன் இல்லேன்னா என்ன, செட்டிங்ஸ்ல "லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்"னு இருக்கு, அதை ஒரு தடவை அழுத்தினா இதுவரைக்கும் பப்ளிக்கா போட்டது எல்லாம் ஃப்ரெண்ட்ஸ் மட்டும்னு மாறிடும். இன்ஸ்டாவை பிரைவேட் அக்கவுண்ட் ஆக்கிடுங்க. ஏற்கனவே எடுத்தது எடுத்ததுதான், இனிமேயாவது.

போன் செட்டிங்ஸ் சீக்கிரம் முடிச்சுடறேன். ஆப்ஸ், பர்மிஷன்ஸ். லொகேஷன் "யூஸ் பண்ணும்போது மட்டும்". கான்டாக்ட்ஸ் எதுக்கு கேக்குதுன்னு தெரியலேன்னா ஆஃப், டார்ச் லைட் ஆப்புக்கு எதுக்குங்க உங்க சம்பந்தி நம்பர். புது ஆண்ட்ராய்டுல போட்டோவ மொத்தமா குடுக்காம தேர்ந்தெடுத்தது மட்டும் குடுக்கலாம். கூகுள் செட்டிங்ஸ்ல ஆட்ஸ்குள்ள அட்வர்டைசிங் ஐடிய (விளம்பரக்காரங்க உங்க போனை அடையாளம் வச்சுக்கற நம்பர்) டெலீட் பண்ணலாம், பண்ணிடுங்க.

இவ்ளோ பண்ணிட்டு மாமா நிம்மதியா எழுந்திரிக்கப் போனாரு. நான்தான் "ஒரு நிமிஷம் இருங்க, அந்த நெல்லு குரூப்ப திறங்க"ன்னேன். அங்கதான் நிஜமான ஓட்டை.

எங்க பக்கம் அனேகமா ஊருக்கு ஊரு இப்படி ஒரு குரூப் இருக்கும், சீசன்ல கொள்முதலுக்கு டோக்கன், ஈரப்பதம், சாக்கு வந்துச்சா, லாரி வந்துச்சான்னு பேசறதுக்கு ஆரம்பிச்சது, நல்ல விஷயந்தான். ஆனா "பேப்பரை குரூப்ல போட்டுடுங்க, நான் பாத்து பதிஞ்சிடறேன்"னு யாரோ ஒருத்தர் சொல்ல, ஆளாளுக்கு ஆதார் ரெண்டு பக்கம், பாஸ்புக், சிட்டா, அடங்கல் எல்லாத்தையும் போட்டோ புடிச்சுப் போட ஆரம்பிச்சாங்க. அந்த குரூப்புல இருநூத்தி சொச்சம் பேரு. ஸ்க்ரோல் பண்ணா வரிசையா வருது, திண்ணைல வச்சு எடுத்த ஆதார், ஓரத்துல சேறு ஒட்டின கட்டைவிரல், ஒண்ணுல பாஸ்புக் மேல தவறி விழுந்த மூக்குக் கண்ணாடி நிழல், கணக்கு நம்பர் பளிச்சுனு. அதுல எத்தனை பேரை மாமாவுக்குத் தெரியும்னு கேட்டேன், முப்பது நாப்பது பேருன்னாரு. மீதி நூத்தம்பதுக்கு மேல எவன்னே தெரியாது, வியாபாரி இருக்கான், புரோக்கர் இருக்கான், பழைய நம்பர் கைமாறிப் போன ஆளும் இருப்பான். பல பேர் போன்ல அந்தப் படம் தானா இறங்கிருக்கும், சில பேரோட கூகுள் போட்டோஸ்க்கும் போயிருக்கும்.

போன வருஷம் எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, மகளிர் குழுவுல இருக்கவங்க, இதே மாதிரி ஒரு குரூப்புல ஆதார் போட்டுருக்காங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்காத லோனுக்கு கட்டச் சொல்லி போன் வருது, சொந்தக்காரங்களுக்கெல்லாம் அசிங்கமா மெசேஜ் போகுது. அந்த போட்டோவாலதான் நடந்துச்சுன்னு சத்தியம் பண்ண முடியாது, வேற எங்கயும் குடுத்ததா அவங்களுக்கு ஞாபகம் இல்ல, அவ்ளோதான். மெட்டா பாலிசிய எத்தனை தடவை மாத்தினாலும் அந்தக்கா ஆதாரை அந்த இருநூறு பேருக்கு குடுத்தது மெட்டா இல்ல.

அதனால குரூப்ல பேப்பர் போடாதீங்க, பதியறவருக்கு தனியா அனுப்புங்க, அனுப்பும்போது படத்துக்கு கீழ ஒண்ணுன்னு வட்டம் போட்ட குறி இருக்கும், அதை தொட்டா ஒரு தடவை மட்டும்தான் திறக்கும், முடிஞ்சா நேர்ல ஜெராக்ஸ் குடுங்க (என் கடைக்கு வியாபாரம்னு நினைச்சாலும் பரவால்ல). ஜெராக்ஸ் மேல குறுக்கால "நெல் கொள்முதலுக்கு மட்டும்"னு தேதி போட்டு எழுதுங்க. நம்பர் முழுசா கேக்காத இடத்துல மாஸ்க்டு ஆதார் குடுங்க, ஆதார் வெப்சைட்ல டவுன்லோட் பண்ணும்போதே ஒரு டிக் இருக்கும், கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியும். ஆதார் ஆப்ல பயோமெட்ரிக் லாக் பண்ணி வைங்க, ரேகை வைக்கற அன்னிக்கு மட்டும் திறந்துக்கலாம். ஏற்கனவே போட்டவங்க, அட்மின்கிட்ட சீக்கிரம் சொன்னா அவரு எல்லாருக்கும் டெலீட் பண்ணலாம், தனியா சேமிச்சு வச்சது போகாது, ஆனா குரூப்ப ஸ்க்ரோல் பண்றவன் கண்ணுல படாது. பணம் போயிடுச்சுன்னா யோசிக்காம 1930க்கு அடிங்க, எவ்ளோ சீக்கிரம் அடிக்கறோமோ அவ்ளோ நல்லது.

கம்பெனி மேலயே புகார்னா, ஒவ்வொரு பெரிய ஆப்புக்கும் இந்தியாவுல குறைதீர்க்கும் அதிகாரி ஒருத்தர் இருக்கணும்னு 2021 ஐடி ரூல்ஸ் சொல்லுது, வெப்சைட்ல மெயில் ஐடி இருக்கும், 24 மணி நேரத்துல வந்துச்சுன்னு சொல்லணும், 7 நாள்ல முடிக்கணும் (2026 பிப்ரவரி வரைக்கும் 15 நாளா இருந்துச்சு). முடிக்கலேன்னாலோ பதில் திருப்தியா இல்லேன்னாலோ 30 நாளைக்குள்ள மத்திய அரசோட குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைன்லயே போடலாம், காசு கிடையாது. ஸ்க்ரீன்ஷாட், தேதி எல்லாம் எடுத்து வச்சுக்கோங்க. 2023ல வந்த தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டத்துல இன்னும் நல்ல விஷயம் இருக்கு, சம்மதம் கேக்கற நோட்டீஸை தமிழ்ல கேட்டு வாங்கிக்கலாம், குடுத்த சம்மதத்தை குடுத்த அளவுக்கே சுலபமா திருப்பி எடுத்துக்கலாம், தப்பு பண்ணா 250 கோடி வரைக்கும் அபராதம். ஆனா அதோட ரூல்ஸ் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, முக்கியமான பகுதிகளுக்கு பதினெட்டு மாசம் டைம் குடுத்திருக்காங்க, 2027 மே வரைக்கும் போகும். திரும்பவும் கடைமடை.

வாட்ஸ்அப்பே வேண்டாம்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் அக்டோபர்ல எல்லாரும் ஜோஹோவோட அரட்டை ஆப்பை போட்டாங்க, நானும் போட்டேன், நம்ம தமிழ்ப் பேருன்னு சந்தோஷமா இருந்துச்சு, ஆனா அந்த நேரத்துல அதுல காலுக்குத்தான் முழுப் பூட்டு இருந்துச்சு, டெக்ஸ்ட் மெசேஜுக்கு இல்ல. எந்த ஆப்புக்கு மாறினாலும் இதையெல்லாம் பாத்துட்டு மாறுங்க. ரெண்டு வாரத்துல நான் திரும்பி வந்துட்டேன், பால்காரர், விஏஓ, பையன் ஸ்கூல் எல்லாம் இங்கதான இருக்காங்க, குத்தகை கதைதான். நெருங்கின நாலஞ்சு பேரை மட்டும் சிக்னலுக்கு கூட்டிட்டுப் போகலாம், அது நடக்கற காரியம். மொத்தமா விடறதுன்னா ஆப்பை அன்இன்ஸ்டால் பண்றது கணக்குல சேராது, அக்கவுண்டுக்குள்ள போய் டெலீட் மை அக்கவுண்ட் குடுக்கணும், அவங்க பக்கம் முழுசா அழிய 90 நாள் வரைக்கும் ஆகும்.

கடைசியா மாமா போன்ல ஒண்ணு பண்ணேன். அக்கவுண்ட்டுக்குள்ள ரிக்வெஸ்ட் அக்கவுண்ட் இன்ஃபோன்னு இருக்கும், கேட்டு வச்சா மூணு நாள்ல ரிப்போர்ட் வரும், மெசேஜ் இருக்காது, மொய் நோட்டு மாதிரி மீதி இருக்கும். அதை அழுத்திட்டு அனுப்பி வச்சேன். போகும்போது "அப்ப ஸ்டேட்டஸ்ல வச்ச லெட்டரு?"ன்னாரு, நாளைக்கு தானா போயிடும் மாமான்னேன்.

மூணாம் நாள் மழைல நனைஞ்சுக்கிட்டே வந்தாரு, ரிப்போர்ட் வந்துடுச்சுன்னு. ரெண்டு பேரும் உக்காந்து குரூப் லிஸ்ட்ட மட்டும் எண்ணினோம், அறுபத்தி மூணு. 2019ல நடந்த கல்யாணத்துக்கு வேன் ஏற்பாடு பண்ண குரூப் கூட இருந்துச்சு, அந்தப் பொண்ணுக்கு இப்ப ரெண்டு பிள்ளைங்க. ஒவ்வொண்ணா வெளிய வந்துக்கிட்டே இருந்தோம், நாப்பதாவதுலயோ என்னவோ நிறுத்திட்டு மாமா என்னை ஒரு மாதிரி பாத்தாரு. ஆதார் போட்டோவா கொட்டிக் கிடக்கற அந்த நெல்லு குரூப், அட்மின் யாருன்னு பாத்தா மூணு பேரு, அதுல ஒண்ணு அவரு. எப்ப ஆக்கினாங்கன்னே தெரியாதாம். அப்பறம் என்ன, அன்னிக்கு சாயங்காலம் கடை சாத்தற வரைக்கும் ஸ்டூல்ல உக்காந்து ஒவ்வொரு போட்டோவா டெலீட் பண்ணிக்கிட்டு இருந்தாரு, நான் டீ சொன்னேன்.